ட்ராக் டேக்குக் கையுறை: வாங்குவது, போடுவது, பராமரிப்பது

ட்ராக் டே என்றால் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் போட்டி இல்லாமல் ஓட்டிப் பார்க்கும் நாள். அதற்கு ஹெல்மெட் வாங்க முன்னம் பத்துப் பேரிடம் விசாரிக்கிறவர்கள்கூட, கையுறை என்று வந்ததும் நிறத்தைப் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். சிவப்புக் காருக்குச் சிவப்புக் கிளவுஸ், அதோடு காரியம் முடிந்தது. படத்துக்கு வடிவாகத்தான் இருக்கும். ஆனால் இருபது நிமிடம் ட்ராக்கில் ஓடி இறங்கியதும் முன்கை விறைத்துப்போய், தண்ணீர்ப் போத்தல் மூடியைக்கூடத் திருக முடியாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கையுறையைக் கழற்றி வாங்கிப் பார்த்தால் விரல் நுனியில் அரை அங்குலம் வெறுமையாகக் கிடக்கும், உள்ளங்கையில் துணி மடிந்து சுருண்டிருக்கும்.

ஓட்டும்போது கார் உங்களுக்குச் செய்தி சொல்வது மூன்று இடங்களால்: இருக்கை, பெடல், ஸ்டியரிங். முன் ரயர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறதா, வழுக்கத் தொடங்கிவிட்டதா என்பதை ஸ்டியரிங்கின் கனம் மாறுவதில் இருந்துதான் அறிகிறோம். அந்தச் செய்தி வரும் வழியில் ஒரு துணியையும் தோலையும் வைக்கப் போகிறீர்கள். அதனால்தான் இவ்வளவு கவனம்.

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பதற்காகக் கையுறை போடுகிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் சொல்வது நேர்மாறு: இறுக்கிப் பிடிக்காமல் இருப்பதற்காகப் போடுகிறோம். வியர்த்த வெறுங்கை வழுக்கும். வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் விரல்கள் தாமாகவே இறுகும். இறுகிய கையால் நுணுக்கமான அசைவு எதையும் உணர முடியாது, விரைவில் களைத்தும் போகும். உராய்வைக் கையுறை பார்த்துக்கொண்டால் தசைநார்கள் ஓய்வெடுக்கும். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கை வைத்தே எடைபோடுங்கள்.

எங்கே ஓடப் போகிறீர்கள்?

யாழ்ப்பாணத்தில் ட்ராக் இல்லை. ஆகவே இங்கிருந்து போகிறவர்களுக்கு இருக்கும் வழிகள் சில. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில் இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது, அங்கே கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்து வந்திருக்கின்றன. கார்ட்டிங் (சின்னத் திறந்த வண்டியில் ஓடும் பந்தயம்) பழக வேண்டும் என்றால் லுணுவில பக்கம் பண்டிரிப்புவவில் தடம் உண்டு. பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் போவதால், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 இல் திறந்த 3.7 கிலோமீற்றர் தடமும் இப்போது எட்டாத தூரம் இல்லை. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் காரி என்ற 2.1 கிலோமீற்றர் தடம் இருக்கிறது. லண்டனில் மச்சானோ மாமாவோ இருந்தால் பிராண்ட்ஸ் ஹாட்ச்.

இடத்தை முதலில் முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண ட்ராக் டேயில் ஹெல்மெட்டும் கையையும் காலையும் மூடிய உடுப்பும் கேட்பார்கள். கையுறை பெரும்பாலும் உங்கள் விருப்பம். பந்தயம் என்று பெயர் வந்துவிட்டால் கதை வேறு. 1934 இல் தொடங்கிய நுவரெலியா மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் போன்ற நேரக்கணிப்புப் போட்டிகளுக்கும் சுற்றுப் பந்தயங்களுக்கும் அந்தந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தில் எந்தத் தரக் கையுறை என்று எழுதியிருக்கும். காசைக் கொடுக்க முன்னம் அந்தப் பக்கத்தை வாசியுங்கள். இன்றைக்கு ட்ராக் டே, அடுத்த வருடம் போட்டி என்ற எண்ணம் இருந்தால் இப்போதே தரச்சான்று உள்ளதை வாங்குவதுதான் மலிவு.

கடையில் கிடைப்பதில் எது, எது அல்ல

மோட்டார் சைக்கிள் கிளவுஸ் எங்கள் ஊரில் தாராளமாகக் கிடைக்கும். வேண்டாம். விழுந்தால் தாருடன் உராயாமல் காப்பதற்காகச் செய்தது அது. விரல் மொழிக்கு, அதாவது கணுவுக்குக் கவசம், உள்ளங்கைக்குத் தடிப்பு எல்லாம் இருக்கும். காருக்குள் அதைப் போட்டால் ஸ்டியரிங் எங்கோ தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும், சிக்னல் தண்டு விரலில் தட்டுப்படாது. விரல் பாதியில் வெட்டிய சைக்கிள், ஜிம் கிளவுஸும் அப்படித்தான். உணர வேண்டிய விரல் நுனியை வெறுமையாக விட்டுவிட்டு உள்ளங்கைக்கு மெத்தை வைத்திருக்கிறார்கள்.

துளை போட்ட, பின்புறம் திறந்த தோல் கையுறை பார்க்க ஆசையாக இருக்கும். பழைய கார் ஒன்றில் மாலை நேரம் சும்மா ஒரு சுற்றுப் போக அதைவிட நல்லது இல்லை. ட்ராக்கில் வியர்வை ஊறியதும் தோல் நீண்டு தளரும், காய்ந்ததும் விறைக்கும்.

கராஜில் மெக்கானிக்மார் போடும் கிளவுஸை வைத்துத் தொடங்குகிறவர்களும் உண்டு. ஒரு நாளைக்குச் சமாளிக்கலாம், ஆனால் உள்ளங்கை தடிப்பு, துணி பெரும்பாலும் செயற்கை இழை.

மிச்சம் இருப்பது மூன்று. கார்ட்டிங் கையுறை, சிமுலேற்றர் கையுறை, கார்ப் பந்தயக் கையுறை. படத்தில் மூன்றையும் பிரித்தறிவது கடினம். ஒரே நிறுவனம் மூன்றையும் ஒரே மாதிரி எழுத்துப் போட்டு விற்கும். விலையில்தான் வித்தியாசம் தெரியும், மலிவாக இருக்கிறதே என்று எடுத்தவருக்குப் பேந்துதான் விளங்கும். கார்ட்டிங் கையுறை திறந்த வண்டியில் காற்றுக்கும் உராய்வுக்கும் செய்தது. சிமுலேற்றர் கையுறை வீட்டு மேசையில் இருந்து விளையாடுகிறவருக்குச் செய்தது. இரண்டிலும் நெருப்புத் தடுப்பை எதிர்பார்க்கக் கூடாது. கார்ட்டிங் கையுறை பொருத்தத்திலும் பிடியிலும் நன்றாகவே இருக்கும், அதனால் முதலாவது ட்ராக் டேக்கு அதைப் போட்டுப் போகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் இல்லாதது என்ன என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

நெருப்பைப் பற்றி

இது காரில் எப்போதோ நடக்கும் விடயம்தான். சூடேறிய புகைக்குழாயில் எண்ணெய் கசிந்து விழுவது, எரிபொருள்க் குழாய் வெடிப்பது போன்றவை. நடந்தால் முதலில் வேலை செய்ய வேண்டியது உங்கள் கை: இருக்கைப் பட்டியை அவிழ்க்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், சூடான உலோகத்தைப் பிடித்து வெளியே வர வேண்டும். பொலியெஸ்ரர் 250 முதல் 260 பாகை செல்சியசில் உருகும். உருகினால் தோலோடு ஒட்டும். நோமெக்ஸ் என்ற இழை உருகாது. கிட்டத்தட்ட 370 பாகையைத் தாண்டினால் கருகித் தடித்து, நெருப்புக்கும் தோலுக்கும் நடுவில் நிற்கும். நல்ல பந்தயக் கையுறையின் பின்புறம் நோமெக்ஸ் அல்லது அதே வகை அராமிட் இழையால் ஆனது.

தரத்தை அறிய மணிக்கட்டுப் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். எஃப்ஐஏ (சர்வதேச ஓட்டோமொபைல் கூட்டமைப்பு) 8856-2018 என்றோ, பழையதானால் 8856-2000 என்றோ தைத்த அடையாளம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இருந்து வந்ததானால் எஸ்எஃப்ஐ (அங்கத்தைய பந்தயப் பாதுகாப்புத் தர அமைப்பு) 3.3/5 என்று இருக்கும். அந்தக் கடைசி 5 என்பது வெப்பத்தைத் தாங்கும் படிநிலை. கடும் நெருப்பில் இரண்டாம் தர எரிகாயம் வர ஏறக்குறைய 10 நொடி அவகாசம் தரும் என்பது அதன் பொருள். கடைக்காரர் "இது ஃபயர் புரூஃப் அண்ணை" என்று வாயால் சொல்வதை எடுக்காதீர்கள், இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, தரச்சான்று இருந்தால் முழுப் பாதுகாப்பா? 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைன் கிராண்ட் பிரீ ஃபோர்முலா 1 பந்தயத்தில் ஓட்டுநர் ரொமெய்ன் குரோஜானின் கார் தடுப்பு வேலியைப் பிளந்துகொண்டு போய்த் தீப்பிடித்தது. சுமார் 27 நொடியில் அவர் தானாகவே வெளியே வந்தார். பல அடுக்கு உடை உடம்பைக் காத்தது, எரிகாயம் முக்கியமாகக் கைகளின் பின்புறத்தில்தான். உலகத்தின் உச்சத் தரமான போட்டியில் போட்ட கையுறை அது. ஸ்டியரிங்கை உணர மெல்லிதாக இருக்க வேண்டும், நெருப்பைத் தடுக்கத் தடிப்பாக இருக்க வேண்டும். இரண்டும் முழுதாக ஒன்றில் கிடைக்காது. கையுறை வாங்கித் தருவது வெளியே வருவதற்கான சில நொடிகளை. அந்த நொடிகளுக்குள் பட்டியை அவிழ்க்கப் பழகியிருப்பது உங்கள் பொறுப்பு.

இங்கே இன்னொன்று. எங்கள் பெடியன்கள் விளையாட்டுக் கழக ஜேர்சியைப் போட்டுக்கொண்டு ட்ராக்குக்கு வருவார்கள். அது முழுக்கப் பொலியெஸ்ரர். நோமெக்ஸ் கையுறைக்கு மேலே உருகும் சட்டை போட்டால் என்ன பிரயோசனம்? நீளக் கைப் பருத்திச் சேர்ட் ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

அளவு எடுத்தல்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். தையற்கடை அளவு நாடா ஒன்றை எடுங்கள். அதிகம் பாவிக்கும் கையை விரித்து, பெருவிரலை விட்டுவிட்டு, மொழிகளுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையின் அகலமான இடத்தைச் சுற்றி அளவுங்கள். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. பிறகு நடுவிரல் நுனியில் இருந்து மணிக்கட்டுக் கோடு வரை நீளம். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலைக் கையுறைகளுக்கான ஐரோப்பிய அளவுமுறையில் இலக்கம் என்பது உள்ளங்கைச் சுற்றளவின் அங்குலம்தான். 8 என்றால் 20.3 சென்ரிமீற்றர், 9 என்றால் 22.9, 10 என்றால் 25.4. பந்தயக் கையுறைக்காரர் பலரும் இதே மாதிரி இலக்கம் போட்டாலும் ஒவ்வொருவரும் தங்கள் அட்டவணையைச் சற்று நகர்த்தி வைத்திருப்பார்கள். ஒரு நிறுவனத்தில் 9 போட்டீர்கள் என்பதற்காக இன்னொன்றிலும் 9 என்று எழுதிவிடாதீர்கள். சுற்றளவு ஒரு அளவிலும் நீளம் இன்னொரு அளவிலும் விழுந்தால், விரல் நீளத்துக்குப் பொருந்துவதை எடுங்கள். உள்ளங்கை கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் தோல் பழகித் தளரும். விரல் நீளம் கூடினால் அதைக் குறைக்க வழியே இல்லை.

பெரும்பாலானோருக்கு இந்தச் சாமான் வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களின் பெட்டியில்தான் வந்து சேரும். சித்தப்பா ரொறன்ரோவில் இருந்து கொண்டுவந்து தந்ததைத் திருப்பி அனுப்பவும் முடியாது, பொருந்தவில்லை என்று சொல்லவும் வாய் வராது. ஆகவே "மீடியம்" என்று ஒரு சொல்லில் செய்தி அனுப்பாதீர்கள். வெள்ளைத் தாளில் கையை வைத்துச் சுற்றி வரைந்து, பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்து, சுற்றளவையும் நீளத்தையும் எழுதி அனுப்புங்கள். வாங்கப் போகிறவருக்கு உங்கள் கை அளவே இருந்தால் இன்னும் நல்லது, கடையில் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். தரச்சான்று இலக்கத்தையும் அதே செய்தியில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி நிறைய வடிவான சிமுலேற்றர் கிளவுஸ் வந்து இறங்கும்.

கையில் வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

கையை விரித்து வைத்துப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். நல்ல கையுறையின் விரல்கள் பிடிக்கும் நிலைக்கு ஏற்ப முன்கூட்டியே வளைத்துத் தைத்திருக்கும். விரித்தால் பின்புறம் இழுக்கும், அசௌகரியமாகத் தெரியும். அது குறை அல்ல. முற்றத்தில் நிற்கும் சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்துப் பாருங்கள், ஸ்டியரிங் வளையத்தின் பருமனுக்குக் கிட்ட வரும். பிடித்தபடி நான்கு விடயம் கவனியுங்கள்.

விரல் நுனியில் வெறுமை எவ்வளவு? இரண்டு மூன்று மில்லிமீற்றர் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் அந்தத் துணி சிக்னல் தண்டில் மாட்டும், பட்டியின் பொத்தானில் மடியும். மறுபக்கம், நகத்தை அழுத்தினால் பத்து நிமிடத்தில் நோகத் தொடங்கும். நகத்தை முதல் நாளே வெட்டிவிட்டுச் சோதியுங்கள், பாதிப் பேருக்கு அதோடு பிரச்சினை தீரும்.

விரல் இடுக்குகள் முழுதாகப் போய் ஒட்டியிருக்கின்றனவா? இடுக்கில் இடைவெளி இருந்தால் கையுறை மெல்ல மெல்ல முன்னுக்கு நகரும்.

உள்ளங்கையில் மடிப்பு விழுகிறதா? குறிப்பாகப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள வளைவைப் பாருங்கள். ஸ்டியரிங் முழுப் பாரத்தோடும் உட்காருவது அந்த இடத்தில். ஒரு சின்ன மடிப்பு போதும், மதியத்துக்குள் கொப்புளம்.

தையல் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? வெளித்தையல் கொஞ்சம் அசிங்கமாகத் தெரியும், ஆனால் விரல் நுனியில் எதுவும் உரசாது. என்னைக் கேட்டால் வெளித்தையலுக்கே காசைக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. மேசையில் ஐந்து ரூபாக் குத்தி ஒன்றை வைத்து, கையுறையோடு சுட்டுவிரலாலும் பெருவிரலாலும் எடுங்கள். மேசை விளிம்புக்கு இழுத்து எடுக்கக் கூடாது, இருந்த இடத்திலேயே எடுக்க வேண்டும். எடுக்க முடிந்தால் அந்தக் கையுறை உங்கள் விரலைத் தொந்தரவு செய்யவில்லை.

உள்ளங்கைப் பரப்பும் உங்கள் ஸ்டியரிங்கும்

உள்ளங்கைக்கு இரண்டு வகை உண்டு: ஸ்வேட் என்று சொல்லும் மெல்லிய மயிர்ப்பரப்புத் தோல், அல்லது துணியில் சிலிக்கோன் கோடுகள் பதித்தது. விட்ஸ், ஸ்விஃப்ற், ஓல்ற்றோ போன்ற சாதாரணக் கார்களில் வரும் வழவழப்பான பிளாஸ்ரிக் வளையத்துக்கு இரண்டும் சரிவரும். சிலிக்கோன் சற்றுக் கூடப் பிடிக்கும். தோல் சுற்றிய வளையத்தில் சிலிக்கோன் அளவுக்கு மீறிப் பிடித்துவிடும். ஊசி வளைவில் ஸ்டியரிங்கைக் கைக்குள் வழுக்கித் திருப்ப வேண்டிய நேரத்தில் அது விடாது. அங்கே ஸ்வேட் போதும். ஸ்வேட் சுற்றிய பந்தய ஸ்டியரிங் பூட்டியிருந்தால் கையுறை உங்களுக்கு மட்டும் அல்ல, ஸ்டியரிங்குக்கும் பாதுகாப்பு. கையின் எண்ணெயும் வியர்வையும் அந்த மயிர்ப்பரப்பை நாளடைவில் மினுக்கி வழுக்கல் ஆக்கிவிடும்.

சிலிக்கோன் தூசு பட்டால் பிடியை இழக்கும். எங்கள் செம்மண் தூசியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கையுறையோடு நிலத்தைத் தொடாதீர்கள், ரயரைத் தட்டிப் பார்க்காதீர்கள்.

போடும் முறை

வெள்ளோட்டத்துக்கு அரை மணித்தியாலம் முன்னம் மோதிரத்தையும் மணிக்கூட்டையும் கழற்றி வையுங்கள். மோதிரம் கையுறைக்குள் ஒரு புள்ளியில் அழுத்தும், விரல் வீங்கினால் கழற்ற முடியாது, சூடேறினால் சூட்டை வைத்துக்கொள்ளும். கேதார கௌரி விரதக் காப்பு, கோயில் நூல் கட்டியிருக்கிறவர்கள் அறுக்கத் தேவையில்லை. முன்கைப் பக்கம் மேலே தள்ளிச் சேர்ட் கைக்குள் விட்டுவிடுங்கள், கையுறையின் பட்டி அதன்மேல் விழாமல் இருந்தால் சரி.

ஹெல்மெட் பட்டியை வெறுங்கையால் கட்டுங்கள். இரட்டை வளையத்துக்குள் நாடாவைக் கோர்ப்பது கையுறையோடு எரிச்சல் தரும் வேலை, அரைகுறையாகக் கட்டிவிடுவீர்கள். பிறகு இருக்கையில் ஏறி இருக்கைப் பட்டியைப் போட்டு, கண்ணாடிகளைச் சரிசெய்து, கையைத் துவாயால் உலரத் துடைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கையுறை.

மணிக்கட்டுப் பகுதியைப் பிடித்து ஒரேயடியாக இழுக்காதீர்கள், தையல் அங்கேதான் முதலில் விடும். நான்கு விரல்களையும் பாதி வரை விட்டு, பெருவிரலை விட்டு, மற்றக் கையின் விரல்களால் ஒவ்வொரு இடுக்கையும் கீழ்நோக்கி அழுத்தி இருத்துங்கள். ஒருமுறை கையை மூடித் திறந்து உள்ளங்கை மடிப்பை விரலால் நீவிவிடுங்கள். அதன் பிறகே வெல்க்ரோ. கை நகரக்கூடாத அளவுக்கு இறுக்கம், இரத்தம் ஓடாத அளவுக்கு இல்லை.

சேர்ட் கை உள்ளே, கையுறை வெளியே. இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து முழுதாக நீட்டிப் பாருங்கள். சேர்ட் கை பின்னுக்குப் போய் மணிக்கட்டில் தோல் தெரிந்தால், கையுறை குட்டையாக இருக்கிறது அல்லது சேர்ட் குட்டையாக இருக்கிறது. நெருப்போ உடைந்த கண்ணாடியோ அந்த ஒரு அங்குலத்தைத்தான் தேடிப் பிடிக்கும்.

போட்டதும் கார் நின்றபடியே ஒத்திகை: சிக்னல், வைப்பர், ஹோர்ன், எல்லாக் கியரும், பட்டி அவிழ்ப்பு, கதவு. கண்ணை மூடிக்கொண்டு பட்டியை அவிழ்த்துக் கதவைத் திறங்கள். தடுமாறினால் திரும்பச் செய்யுங்கள். இதை வீட்டு வாசலில் நின்று செய்தால் அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

புதுக் கையுறையை முதன்முதலாக ட்ராக்கில் போடாதீர்கள். ஒரு கிழமை முன்னமே போட்டு நல்லூர் ஒழுங்கைகளுக்குள் ஓட்டுங்கள். ஒழுங்கைக்கு ஒழுங்கை தொண்ணூறு பாகைத் திருப்பம், முழு ஸ்டியரிங்கும் சுற்ற வேண்டி வரும், கையுறை எங்கே உரசுகிறது என்று மெதுவான ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். ஏ9 வீதியில் வேகமாகப் போய்ப் பார்ப்பது சோதனை அல்ல, அங்கே 70 தான் எல்லை.

பிடி

கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில் கைகள். பெருவிரல் வளையத்தின் உட்பக்கக் குறுக்குக் கம்பியின் மேல் இலேசாகத் தங்கட்டும். எவ்வளவு அழுத்தம் என்று கேட்டால், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுத்துவிட்டதா என்று கன்றிப் போகாமல் அமத்திப் பார்ப்பீர்களே, அந்த அழுத்தம். வளைவில் கனம் கூடும்போது கொஞ்சம் கூட்டுங்கள், நேரோட்டத்தில் விரல்களை ஒருமுறை தளர்த்தி அசைத்துவிடுங்கள்.

கையுறை போட்ட பிறகும் முன்கை நோகிறது என்றால் பிழை அநேகமாக இருக்கையில் இருக்கும். வளைவில் உடம்பு சரியாமல் இருக்க ஸ்டியரிங்கைத் தொங்கு கம்பியாகப் பாவிக்கிறீர்கள். இடது காலை ஓய்வுத்தட்டில் ஊன்றி, பட்டியை இறுக்கி, முதுகை இருக்கையோடு ஒட்டினால் கை விடுபடும். இதற்குத் தடித்த கையுறை தேடி அலைவது வீண் செலவு.

இங்கே எல்லாக் காரும் வலப்பக்க ஸ்டியரிங். கியர் மாற்றுவது இடது கை. ஐரோப்பியர்களின் காணொளிகளில் தலைகீழாக இருப்பதைப் பார்த்து வலது கையுறையின் தேய்மானத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நண்பர் ஒருவரின் கையுறையை அருகில் வைத்துப் பார்த்தேன். வலது உள்ளங்கை புதிதுபோல் இருந்தது. இடது உள்ளங்கையின் நடுவில், கியர்த் தலை உட்காரும் இடத்தில், ஸ்வேட்டின் மயிர் முழுதாகப் போய் ஐம்பது சத அளவில் கறுத்து மினுங்கியது. கியரைக் கை முழுவதாலும் பொத்திப் பிடித்து அடிக்கும் பழக்கம் அது. விரல்களால் தள்ளினால் கையுறையும் மிஞ்சும், கியர்ப்பெட்டியும் மிஞ்சும்.

வெயிலும் வியர்வையும்

எங்கள் நாட்டிலும் சென்னையிலும் ஓட்டுகிறவர்களுக்கு இது ஐரோப்பிய வழிகாட்டிகள் அதிகம் பேசாத பிரச்சினை. சித்திரை வைகாசியில் இருங்காட்டுக்கோட்டையில் 40 பாகைக்குக் கிட்ட ஏறும், காருக்குள் இன்னும் கூட. இரண்டாவது ஓட்டத்துக்குள் கையுறை நனைந்துவிடும். நனைந்த கையுறை வழுக்கும் என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, ஈரத் துணி வெப்பத்தை வேகமாகக் கடத்தும், கடும் சூட்டில் அந்த ஈரமே நீராவியாகித் தோலை அவிக்கும்.

கைக்கு வசதி இருந்தால் இரண்டு சோடி வைத்து மாறி மாறிப் போடுங்கள். ஒரு சோடிதான் என்றால், ஓட்டம் முடிந்த உடனே கழற்றி, வாயைத் திறந்தபடி நிழலில் காற்றுப்படத் தொங்க விடுங்கள். டாஷ்போர்ட்டில் வெயில் பட வைக்கும் பழக்கம் வேண்டாம், அதற்குக் காரணம் கீழே. உள்ளே இன்னொரு பருத்திக் கையுறை போட்டால் வியர்வையை உறிஞ்சும் என்று சிலர் சொல்வார்கள். உறிஞ்சும், ஆனால் இரண்டு துணியும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். பவுடரும் அப்படித்தான், அரை மணித்தியாலத்தில் களியாகும்.

கழற்றும்போது, ஈரக்கையில் இருந்து இழுத்தால் உள்துணி விரலோடு சேர்ந்து வெளியே புரண்டு வரும். திரும்ப உள்ளே தள்ளுவது பெரும்பாடு. ஒவ்வொரு விரல் நுனியையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தளர்த்திவிட்டுப் பிறகு முழுதாகக் கழற்றுங்கள்.

தோய்ப்பதும் வைப்பதும்

கையுறையைக் கையில் போட்டபடியே, குளிர்ந்த தண்ணீரில், குழந்தைகளுக்குப் பாவிக்கும் மென்மையான சவர்க்காரத்தால் கை கழுவுவதுபோலத் தேய்த்துக் கழுவுங்கள். வெளிற்றும் திரவம், துணி மென்மையாக்கி இரண்டும் கூடாது. முறுக்கிப் பிழியாதீர்கள், துவாய்க்குள் சுற்றி அழுத்தி ஈரத்தை எடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. சவர்க்காரம் நுரைக்காமல் திரிந்து படிந்து, காய்ந்ததும் ஸ்வேட் விறைத்துவிடும். கடைசி அலசலை மட்டும் மழைத்தண்ணீரிலோ வடிகட்டிய குடிதண்ணீரிலோ செய்தால் வித்தியாசம் கையில் தெரியும்.

கொடியில், வெயிலில் போடாதீர்கள். அராமிட் இழையைப் புற ஊதாக் கதிர் பலவீனமாக்கும், நிறமும் போகும். நிழலில், காற்றில் காயட்டும். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் பொலித்தீன் பைக்குள் கட்டி அலுமாரியில் வைத்தால் தையில் திறக்கும்போது தோலில் பூஞ்சணம் பூத்திருக்கும்; துணிப்பையில் வையுங்கள், இடைக்கிடை வெளியே எடுங்கள்.

பெற்றோல் அடிக்கும்போதும் எண்ணெய் பார்க்கும்போதும் ஓட்டும் கையுறை கையில் இருக்கவே கூடாது. எரிபொருள் ஊறிய நோமெக்ஸ் நெருப்பைத் தடுக்காது, ஊறிய எரிபொருள்தான் முதலில் பற்றும். தெறித்துவிட்டால் கழுவிக் காயும் வரை அந்தச் சோடியோடு ட்ராக்கில் இறங்காதீர்கள்.

விரல் நுனித் தையல் விடத் தொடங்கினால், உள்ளங்கைத் தோல் மெலிந்து அடித்துணி தெரிந்தால், வெல்க்ரோ பிடிக்காமல் கழன்றால் மாற்ற வேண்டிய நேரம். வீட்டில் இருக்கும் சாதாரண நூலால் தைத்துப் போடுவதில் பிரயோசனம் இல்லை, அந்த நூலே உருகும். பழைய சோடியை எறியத் தேவையில்லை. கார் பூட்டில் ஜாக்கியோடு போட்டு வையுங்கள், ட்ராக்கில் சூடான சில்லைக் கழற்றும்போது உதவும்.